சோத்துக்கை

மெல்வினின் வலது கையை ஒரு கிரிக்கெட் கம்பெனி ஏழு வருடத்துக்குப் பெரிய விலைக்கு ஏலம் எடுத்திருந்தது. ஆட்டமில்லாத நேரத்தில் கை தேய்ந்துவிடாதபடி தோள்வரை ஓர் உறை மாட்டிப் பூட்டிவிடுவார்கள். முதல் ஆட்டத்தின் இரண்டாவது ஓவரிலேயே தோள்தசை கிழிந்தது; இனிப் பந்துவீசவே முடியாது என்றார் டாக்டர். பூட்டு மட்டும் திறக்கவில்லை.

"வெளங்காத கைய எதுக்குய்யா பூட்டி வச்சிருக்கீங்க?" என்று மூன்று வருடமாகப் போனில் கத்துகிறான். "இவ்வளவு வெல குடுத்தத எப்படி சார் விடுவோம்?" என்பதே பதில்.

இன்று மூன்று வயது மகள் இடது கையால் சோற்றை அள்ளினாள். "சோத்துக்கையால சாப்பிடுடி" என்று மனைவி சகாயராணி அதட்டினாள்.

குழந்தை இடது கையையே உயர்த்திக் காட்டியது. "இதுதான். அப்பா இதுலதான சாப்பிடும்."

"அப்ப இது?" மெல்வின் பூட்டிய கையைக் காட்டினான்.

"அது கம்பெனிக் கை."