கதவைத் தாண்டாத மேசை

கல்யாணமாகிப் போன தங்கை கோமுவுக்காக வடிவு தன் கையாலேயே ஒரு சாப்பாட்டு மேசை செய்தாள். தச்சுவேலை கற்கத் தொடங்கியபின் அவள் செய்த முதல் பெரிய பொருள் அது. தங்கை போனபின் அவள் தனியாக இருக்கும் வீட்டின் மாடியறையிலேயே அறுத்து, இழைத்து முடித்தாள். கோமுவும் கணவனும் எடுத்துப்போக வந்த அன்று மேசை கதவைத் தாண்டவில்லை. நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்தார்கள். வடிவுக்கு முகம் வாடிவிட்டது. கோமு சிரித்துக்கொண்டே அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“இங்கயே கெடக்கட்டும்க்கா. ஞாயித்துக்கெழமதோறும் நாங்க சாப்பிட வந்துருதோம்.”

கோமுவின் கணவன் செல்லையா மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். “ஆணியே அடிக்காம மூங்கில் முளைதான வச்சிருக்கிய, மதினி. தட்டுனா கால் கழண்டுரும், வெளிய கொண்டு போயிரலாம்லா?”

“கழலாது” என்றார்கள் அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில்.

செல்லையா இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, சாப்பிடக் கை கழுவப் போனான்.