மைக்கில் கேட்ட குரல்

"இதைப் பேசினது நீதானா, இல்லையா? ஒரே பதில்." சப்-இன்ஸ்பெக்டர் கோவிந்தன் நோட்டை மேசைமேல் அறைந்தார்.

"பேசினேனுங்க. ஆனா..."

"ஆனாவெல்லாம் வேணாம். போய் உட்காரு."

ஜெபதுரை வாத்தியார் உட்காரவில்லை. பெங்களூரில் பதினோரு மணிக்கு மகள் ஜெபசீலிக்குக் கல்யாணம். வீட்டார் முந்தின நாளே போய்விட்டார்கள். லீவு கிடைக்காமல் காலை பஸ்ஸைப் பிடித்தவரை, ஓசூர் தாண்டி எல்லைச் சாவடியில் போலீஸ் இறக்கிவிட்டது. பஸ் போயே போய்விட்டது.

அது ஐம்பத்தாறாம் வருஷம். ஓசூர் சென்னை ராஜ்யத்துக்கா மைசூர் ராஜ்யத்துக்கா என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டிய நேரம். எவன் எந்த மேடையில் என்ன பேசினான் என்று எழுதி வைத்துக்கொண்டு, எல்லையில் ஆளை மடக்குவதுதான் கோவிந்தனுக்குத் தெரிந்த தேசபக்தி.

அவர் நோட்டைப் பார்த்துப் படித்தார். "'ஓசூர் மைசூரோட மண். ஒரு பிடிகூட விட்டுத்தர மாட்டேன்.' ஏன்யா, தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு இதுவா பேசுவே?"

"நான் எதுக்கு மேடை ஏறினேன்னு ஊர்ல யாரை வேணா கேளுங்க சார்."

"யாரை எதுக்குக் கேக்கணும்? எங்க ஏட்டு கூட்டத்துல நின்னு காதால கேட்டு எழுதினது. மைக்குல உன் குரல். சுத்தமான தமிழ்."

ஜெபதுரை நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரம் ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. "பொண்ணு சர்ச் வாசல்ல நிக்கும் சார். நான்தான் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போகணும்."

"அந்த அக்கறை பேசறதுக்கு முன்னாடி இருந்திருக்கணும்."

அப்போது பெங்களூர்ப் பக்கமிருந்து ஒரு பெரிய கார் வந்து நின்றது. உள்ளே ஜரிகைத் தலைப்பாகையோடு ஒரு பெரிய மனிதர். கோவிந்தன் ஓடிப்போய் சல்யூட் அடித்தார். அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோவிந்தனுக்கும் புரியவில்லை, ஏட்டுக்கும் புரியவில்லை.

"யோவ் வாத்தியாரே, இங்க வா. ஐயா என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லு."

வாத்தியாரைக் கண்டதும் பெரிய மனிதர் சிரித்தார். நீளமாகப் பேசினார். ஜெபதுரை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார்.

"'கெலமங்கலம் கூட்டத்துல பேசப் போறேன். ஓசூர் மைசூரோட மண்ணுன்னு போன மாசம் பேசினதையேதான் இன்னிக்கும் பேசுவேன். அன்னிக்கு நான் கன்னடத்துல பேசப் பேச, இந்த வாத்தியார்தான் பக்கத்துல நின்னு மைக்குல தமிழ்ல சொன்னார்.' இதைத்தான் சார் ஐயா சொல்றார்."

கோவிந்தன் நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"ஐயா பேர் இதுல இல்லையே" என்றவர், குறுக்குக் கம்பத்தைத் தூக்கச் சொல்லி, போகிற காருக்கு இன்னொரு சல்யூட் அடித்துவிட்டு, ஜெபதுரையிடம் திரும்பினார். "நீ போய் உட்காருய்யா."