அரிசியளவு பொக்கை

பழைய சாமான் பெட்டிக்குள் வருஷக்கணக்காகத் துருவேறிக் கிடந்த சவரக்கத்தி ஒன்று, ஒருவழியாகச் சாணைக்கல்லிடம் வந்து சேர்ந்தது. அதன் விளிம்பில் அரிசியளவுக்கு ஒரு பொக்கை. எவனோ தன்னை வைத்துக் கயிறு அறுத்துவிட்டான், தன்மேல் தப்பே இல்லை என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டது.

"துருவை எடுத்துடுங்கண்ணே. அப்படியே இந்தப் பொக்கையையும் எடுத்துடுங்க. மத்த இடத்துல கை வைக்காதீங்க."

"பொக்கைங்கிறது ஒண்ணுமே இல்லாத இடம், தம்பி. இல்லாததை நான் எப்படி எடுக்கிறது? மிச்ச விளிம்பை எல்லாம் அந்த மட்டத்துக்குத் தேய்ச்சு இறக்கணும்" என்றது கல்.

கத்தி வேறு வழியில்லாமல், தண்ணீரில் நனைந்துகொண்டு கல்லின்மேல் படுத்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் தன் உடம்பு கறுப்புக் குழம்பாகக் கரைந்து போவதை அதனால் பார்க்க முடியவில்லை. பொக்கை கடுகளவுக்கு வந்ததும் எழுந்துவிட்டது.

"போதும்ணே. இனிமே யார் கண்ணுக்கும் தெரியாது."

"உன் இஷ்டம்" என்றது கல்.

பளபளவென்று போன கத்தி, சுவரில் தொங்கிய தோல்வாரில் தன்னைத் தீட்டிக்கொண்டது. தோல்வார் "ஸ்ஸ்" என்றது. அதன் நடுவில் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி ஒரு கீறல்.

"தெரியாமப் பட்டுடுச்சு..." என்று இழுத்தது கத்தி.

"பரவாயில்லை, நான் செத்த மாட்டுத் தோல்" என்றது தோல்வார். "அடுத்து நீ போகப்போறது கன்னத்துக்கு."

கத்தி திரும்பி வந்து கல்லின்மேல் படுத்துக்கொண்டது. கயிறு அறுத்தவனைப் பற்றி இந்தத் தடவை பேச்சே எடுக்கவில்லை.