மூலையில் ஒரு புல்தூறு

"இன்னிக்கும் வெட்டலையா?"

தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். "தூறுக்குள்ள குருவி முட்டை வெச்சிருக்கு சார்."

"போன மாசம் பாம்புன்னே. அதுக்கு முந்தி அரிவாள் மழுங்கிடுச்சுன்னே. அந்தப் பாம்பு இன்னுமா குருவி முட்டையை விட்டு வெச்சிருக்கு?"

சார் தோட்டச் சங்கத்தின் தலைவர். நாளை சங்கத்தார் அவர் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். 'ஒவ்வொரு செடிக்கும் மூச்சுவிட இடம் வேண்டும்' என்று பேசப்போகிறார், அட்டையில் எழுதியாகிவிட்டது. செடிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன.

மதிலோர மூலையில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு நாட்டுப் புல். அவர் மனைவி ஏரிக்கரையிலிருந்து வேரோடு கொண்டுவந்து நட்டது. வெள்ளிக் கதிர் விட்டு, சின்னக் காற்றுக்கும் ஆடியது.

சார் மனைவியைக் கூப்பிட்டார். நாலாவது தடவைக்குத்தான் வந்தாள்.

"காதுல என்ன, பஞ்சா? உன் காட்டை இன்னிக்கு அழிக்கப்போறேன்."

"அழகாத்தானே இருக்கு. அது ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே."

"மாடு திங்கிற புல்லுல என்னடி அழகு? உனக்கு ஒண்ணும் தெரியாது. என் கண்ணாடி எங்கே?"

"நெத்தியில."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு தோட்டக்காரர் பக்கம் திரும்பினார். "சம்பளத்துக்குக் கை நீளுது, வேலைக்கு உடம்பு வணங்கலை. கொடு அதை."

அரிவாளைப் பிடுங்கி அவரே வெட்டினார். நாலு வீச்சிலேயே மூச்சு வாங்கியது. பத்தாவது வீச்சில் அரிவாள் எதிலோ பட்டு 'ணங்' என்றது.

தூறின் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் புல் விலக்கப்பட்டிருந்தது. அங்கே ஓர் இரும்பு முக்காலி. குருவியும் இல்லை, முட்டையும் இல்லை.

"இதானா விஷயம்! நான் அங்க தொண்டை கிழியக் கத்தறேன், நீ இங்க சொகுசா தூங்கறே. நாளையிலேர்ந்து வராதே."

தோட்டக்காரர் சாரின் மனைவி பக்கம் பார்க்கவே இல்லை. "தப்புதான் சார்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவர் எதுக்குப் போகணும்?" என்றாள் மனைவி. "அது என் முக்காலி."

சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுல நாலு ரூம் இருக்கு. இந்தப் புதருக்குள்ள வந்து உட்காரணும்னு உனக்கென்ன தலையெழுத்து?"

வெட்டியது போக மிச்சமிருந்த புல் காற்றில் சலசலத்தது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நாலு ரூம்லயும் நீங்க கூப்பிடறது கேட்குது. இது சலசலக்கறப்ப மட்டுந்தான் கேட்கிறதில்லை."