இரண்டாம் வரி

மதிய வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதிலுள்ள பாட்டையெல்லாம் ஆகக் குறைந்த தரத்துக்குச் சுருக்கி, மூலக் கோப்புகளை நீக்கவும் டிக் போட்டுவிட்ட மகள் மவுஸை நகர்த்துகிறாள். தொண்டை ஆபரேஷனில் குரல் போவதற்கு முன் அப்பா பாடிப் பதிவான ஒரே பாட்டும் அதற்குள்தான். இப்போது தகர டப்பாவுக்குள்ளிருந்து கத்துவதுபோல் கேட்கிறது. "இதுவும் அவர் குரல்தானேடி, விடு," என்கிறாள் அம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல். பக்கத்து நாற்காலியில் அப்பா நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையிலுள்ள குப்பைத் தொட்டியைத் திறந்தால் மூலக் கோப்பு முழுசாகக் கிடக்கிறது. மகளுக்குப் போன உயிர் திரும்புகிறது. ஸ்பீக்கரில் குரல் கணீரென்று எழுந்து, இரண்டாம் வரியில் சுருதி இறங்குகிறது. அப்பா முகத்தைச் சுளித்து, ஸ்பீக்கரை நோக்கி, இன்னும் மேலே என்று கையை உயர்த்துகிறார்.