வெற்றுப் பதிவு

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளில் எதை நம்பலாம் என்று எடைபோடுவதுதான் அந்தத் தம்பதியின் வேலை. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் கேட்காமல் மதிப்பெண் போடுவார்கள். பிறகு சண்டை போடுவார்கள். இந்த ஆய்வில் மட்டும் சண்டை வரவில்லை. குறை சொல்ல இருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

இன்குபேட்டரில் இருந்த பாதிக் குழந்தைகளுக்கு அம்மாவின் இதயத்துடிப்பை ஒலிக்கவிட்டிருந்தார்கள். மீதிக் குழந்தைகளுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சத்தமே இல்லாத வெற்றுப் பதிவு. துடிப்பைக் கேட்டவை ஸ்பீக்கர் பக்கம் தலையைத் திருப்பின. மற்றவை எல்லாம் கதவுப் பக்கம் திருப்பின.

"ஏதாவது இரைச்சல் இருந்திருக்கும். அந்தப் பதிவை அனுப்பியிருக்காங்க, போட்டுப் பாப்போமா?" என்றான் கணவன்.

"போடுங்க. பாப்பா முழிச்சுக்கிட்டுதான் இருக்கா."

அவர்கள் மகளும் ஏழாம் மாதத்தில் பிறந்தவள்தான். இப்போது தவழ்கிறாள். தொட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பதிவு ஓடியது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் ஒன்றுமில்லை.

"இதுக்குப் போயா மண்டையை உடைச்சுக்கிட்டோம்?" என்று மனைவி சிரித்தாள்.

மகள் கதவுப் பக்கம் திரும்பினாள். கதவு சாத்தியே இருந்தது. அவள் கண்கள் மெல்ல நகர்ந்து, அலமாரியைக் கடந்து, அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்தன.

"நிறுத்துங்க."

அவன் நிறுத்தினான். கண்கள் நிற்கவில்லை. தொட்டிலருகே வந்து மேலே நிமிர்ந்தன. மகள் சிரித்தபடி, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அம்மா ஓடிவந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். முதல் இழுப்பில் குழந்தை வரவில்லை.