மாத்திரை டப்பாவில் மூன்று அறைகள்
மத்தியான வெயில் கண்ணாடி வழியாக விமான நிலையத்து பெஞ்சில் விழுகிறது. முதல்முறையாக விமானம் ஏறி வந்திருக்கும் அம்மா, மாத்திரையைத் தேடிக் கைப்பையிலிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறாள். பல் பிரஷ், போர்வை, மாற்றுத் துணி, பிரிக்காத இரண்டு சாப்பாட்டுப் பொட்டலங்கள். காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பாவில் காலை அறை மட்டும்தான் காலி. "ஒரு நாள் முழுக்கப் பறக்கணும்மா, நினைச்ச உடனே வர முடியுமா?" என்று ஏழு வருடமாகச் சொல்லிவந்தவன் நான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வாய் கூசாமல் அதையேதான் சொன்னேன். அவள் வந்த விமானம் இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறேன். மதிய மாத்திரையை விழுங்கிவிட்டு, பொட்டலங்களை மறுபடி பைக்குள் அடுக்குகிறாள். "பைலட்டு ரொம்ப விரட்டி ஓட்டிட்டாரு போலருக்குப்பா" என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல்.